சைடு வீல் ஸ்கூட்டர்: வாங்குவதிலிருந்து வால்பாறை ஏறுவது வரை

எனக்கு இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் போனது. பொள்ளாச்சிப் பக்கம் குடியிருக்கிறேன். ஊர் சுற்றுவதில் ஆசை அதிகம். ஸ்கூட்டருக்கு இரண்டு பக்கமும் சக்கரம் மாட்டி, அதற்குத் தாள் வாங்கி, அதை ஓட்டப் பழகி, மலையேற்றுவது வரை எனக்கு யாரும் வரிசையாகச் சொல்லித் தரவில்லை. ஷோரூமில் ஒன்று சொன்னார்கள், பட்டறையில் வேறொன்று, ஆபீஸ் வாசலில் நிற்கிறவர் இன்னொன்று. நீங்கள் அப்படி அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியில் வரும் தொல்லைகளில் பாதி, வேலையை வரிசை மாற்றிச் செய்வதால் வருபவை. மீதிப் பாதி, சக்கரம் மாட்டிய பிறகும் அதை ஸ்கூட்டர் மாதிரியே ஓட்டுவதால் வருபவை.

1. கையில் முதலில் இருக்க வேண்டியவை

யூடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை), மாற்றுத்திறனாளி சான்று, ஆதார், முகவரிச் சான்று. யூடிஐடி அட்டை இல்லையென்றால் மற்ற எதையும் தொடங்காதீர்கள். சான்றில் ஊனத்தின் அளவு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். எந்த உறுப்பு பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதும் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். பழைய சான்றுகளில் அது படிக்க முடியாத கையெழுத்தில் இருக்கும். அப்படியிருந்தால் இப்போதே புதுப்பித்துவிடுங்கள்.

எல்லாத் தாளிலும் பெயரும் இன்ஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, சான்றில் ஓர் எழுத்து மட்டும் என்றிருந்தால் கவுண்டரிலேயே திருப்பிவிடுவார்கள்.

இரண்டு காலும் பாதிக்கப்பட்டு கைகள் நன்றாக இருப்பவர்கள், சொந்தக் காசு போடுவதற்கு முன் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரை அரசே இலவசமாகத் தருகிறது. காத்திருக்க வேண்டிவரும். காத்திருக்க முடியாதவர்களும் தகுதிக்குள் வராதவர்களும் மேலே படியுங்கள்.

2. எல்.எல்.ஆரை இன்றே போடுங்கள்

வண்டி வாங்கிய பிறகு லைசென்ஸ் பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) போட வண்டி தேவையே இல்லை. எல்.எல்.ஆர். கிடைத்து 30 நாள் ஆனால்தான் லைசென்ஸ் டெஸ்ட்டுக்குப் போக முடியும். அது 6 மாதம் செல்லும். ஆக, வண்டி புக் செய்யும் அன்றே பரிவாகன் இணையத்தில் எல்.எல்.ஆருக்கும் விண்ணப்பித்துவிட்டால், சக்கரம் மாட்டி ஆர்.சி. வருவதற்குள் அந்த 30 நாளும் ஓடிப்போயிருக்கும்.

விண்ணப்பத்தில் வண்டி வகை கேட்கும் இடத்தில் கவனம். சாதா ஸ்கூட்டருக்கான கியர் இல்லாத வகையைத் தேர்ந்தெடுத்தால் அந்த லைசென்ஸ் இந்த வண்டிக்குச் செல்லாது. ‘அடாப்டட் வெஹிக்கிள்’ என்ற வகை தனியாக இருக்கிறது. ஆபீஸில் பழக்கத்தில் இன்னமும் ‘இன்வேலிட் கேரேஜ்’ என்றே சொல்வார்கள், இரண்டும் ஒன்றுதான். ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருப்பவர்களும் இந்த வகையைச் சேர்க்க வேண்டும்.

படிவம் 1ஏ மருத்துவச் சான்றை எலும்பு மருத்துவரிடம் வாங்குங்கள். ‘மாற்றியமைத்த வண்டி ஓட்டத் தகுதி உண்டு’ என்ற வரி அதில் இருந்தால் மறுகேள்வி வராது. மத்திய விதிப்படி எல்.எல்.ஆருக்கு 150 ரூபாய், தேர்வுக்கு 50, பிறகு ஓட்டிக் காட்டும் டெஸ்ட்டுக்கு 300, லைசென்ஸுக்கு 200. சேவைக் கட்டணம் இதற்கு மேல் கொஞ்சம் வரும். புரோக்கர் ஆயிரக்கணக்கில் கேட்டால் இந்தக் கணக்கை மனதில் வைத்துப் பேசுங்கள்.

டெஸ்ட்டுக்குச் சொந்த வண்டியோடுதான் போக வேண்டிவரும். டிரைவிங் ஸ்கூல்களில் சைடு வீல் வண்டி வைத்திருப்பவர்களைத் தேடினாலும் கிடைப்பது அபூர்வம்.

3. எந்த ஸ்கூட்டர்?

கியர் இல்லாதது, 110 அல்லது 125 சிசி. பக்கச் சக்கரச் சட்டத்தின் எடையையும் இழுத்துக்கொண்டு ஆனைமலையோ கோத்தகிரியோ ஏறும் எண்ணம் இருந்தால் 125-க்கே போங்கள். ஊருக்குள் மட்டும் என்றால் 110 போதும்.

எஞ்சினுக்கு அடுத்து நான் பார்க்கச் சொல்வது பெட்ரோல் மூடியை. சீட்டைத் தூக்கித்தான் பெட்ரோல் ஊற்ற முடியும் என்றால், ஒவ்வொரு பங்க்கிலும் கைத்தடியை எடுத்து, இறங்கி, நின்று, மறுபடி ஏற வேண்டும். பின்னால் இருப்பவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பார். ஆக்டிவா 6ஜி-யில் மூடி வெளியே வால்பக்கம் இருக்கிறது. ஜூபிடர் 125-ல் முன்பக்கமே இருக்கிறது, உட்கார்ந்தபடியே திறந்துவிடலாம். பயணம் போகிறவர்களுக்கு மைலேஜைவிட இது பெரிய விஷயம்.

அடுத்தது டயர் அளவு. ஆக்டிவாவின் பின்சக்கரம் 10 அங்குலம், ஜூபிடரில் இரண்டுமே 12 அங்குலம். உங்கள் கிட்டில் (பக்கச் சக்கரங்களும் அவற்றைத் தாங்கும் சட்டமும் சேர்ந்த தொகுப்பு) வரும் பக்கச் சக்கரம் 10 அங்குலமாக இருந்து பின்சக்கரமும் 10 அங்குலமாக இருந்தால், டயர், டியூப் எல்லாம் ஒரே அளவில் வாங்கி வைத்துக்கொள்ளலாம். வெளியூரில் நிற்கும்போது இதன் அருமை தெரியும்.

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான இருசக்கர வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் கேளுங்கள்.

4. ஷோரூமில் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்

‘இது மாற்றுத்திறனாளி வண்டியாகத்தான் பதிவாக வேண்டும். சக்கரம் மாட்டிய பிறகுதான் நிரந்தரப் பதிவு.’ முன்பணம் கட்டுவதற்கு முன்பே இதைச் சொல்லி, ஆர்டர் பாரத்தில் எழுதியும் வாங்கிவிடுங்கள்.

சொல்லாவிட்டால் என்ன ஆகும்? ஷோரூம்காரர் வழக்கம்போல சாதா இருசக்கர வண்டியாகப் பதிவு செய்து, ஆயுள் வரியையும் கட்டிவிடுவார். தமிழ்நாட்டில் 1 லட்சம் ரூபாய் வரையுள்ள வண்டிக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். மாற்றுத்திறனாளியின் வண்டிக்கு இந்த வரியில் விலக்கு உண்டு. 90 ஆயிரம் ரூபாய் வண்டிக்கு 9 ஆயிரம் மிச்சம், கிட்டத்தட்ட பாதி கிட்டின் காசு. ஒருமுறை கட்டிய வரியைத் திரும்ப வாங்கக் கிளம்பினால் செருப்புதான் தேயும்.

சரியான வரிசை இது: வண்டியை வாங்குங்கள், தற்காலிகப் பதிவோடு கிட் மாட்டும் இடத்துக்குக் கொண்டுபோங்கள், மாட்டியதும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்டுங்கள், அதன் பிறகு நிரந்தரப் பதிவு. தற்காலிகப் பதிவுக்குக் கெடு உண்டு. அதனால் கிட் கடைக்காரரிடம் தேதி வாங்கிய பிறகே வண்டியை டெலிவரி எடுங்கள். ‘அடுத்த வாரம் பாத்துக்கலாமுங்க’ என்பதைத் தேதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருக்கும் வண்டியில் மாட்டுவதென்றால் வழி வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, சொந்த வண்டியை மாற்றுத்திறனாளி வண்டியாக மாற்றிக்கொண்டு பிறகு ஒப்புதல் வாங்க இடம் தருகிறது. ஆனால் மாற்றிய 14 நாளுக்குள் உங்கள் எல்லைக்குட்பட்ட ஆர்.டி.ஓ. ஆபீஸில் தெரிவித்து, ஆர்.சி.யையும் கொடுத்துவிட வேண்டும். வண்டி கடனில் இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியின் தடையில்லாச் சான்றை முதலில் வாங்குங்கள், நேரம் பிடிப்பது அதுதான்.

5. கிட்: பட்டறையா, கம்பெனியா?

கோயம்புத்தூரில் லேத்துக்கும் வெல்டிங்குக்கும் குறைவில்லை. கணபதியிலோ பீளமேட்டிலோ ஒரு பட்டறையில் சொன்னால் நல்ல கனமான இரும்பிலேயே அடித்துத் தந்துவிடுவார்கள், விலையும் குறைவு. வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்குச் சான்று கிடையாது. ஏஆர்ஏஐ போன்ற பரிசோதனை நிறுவனத்தின் ஒப்புதல் சான்று இருக்கும் கிட்டைத்தான் ஆய்வாளர் ஏற்பார். சான்றின் நகலில் உங்கள் வண்டியின் மாடல் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வேறு மாடலுக்கு வாங்கிய சான்றைக் காட்டி விற்பதும் நடக்கிறது.

கிட்டும் கூலியும் சேர்ந்து பெரும்பாலும் 15 முதல் 25 ஆயிரம் ரூபாய்க்குள் வரும். ரிவர்ஸ் மோட்டார் வேண்டுமென்றால் தனிக் காசு. காலால் தள்ளிப் பின்னால் எடுக்க முடியாதவர்கள் அந்தக் காசைப் பார்க்காதீர்கள். சந்தில் நுழைந்து மாட்டிக்கொண்டால் யாராவது வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஜிஎஸ்டி பில், சான்று நகல், மாட்டியவர் தரும் கடிதம் மூன்றையும் வாங்காமல் கிளம்பாதீர்கள். மாட்டும்போது கூடவே இருந்து கீழே உள்ளவற்றைப் பாருங்கள்.

சேஸ் நம்பர் பொறித்த இடத்தைக் கிட்டின் இரும்பு மறைக்கக் கூடாது. ஆய்வாளர் அங்கே பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பார். மறைந்திருந்தால் கழற்றி வரச் சொல்வார். நம்பர் பிளேட்டும் இண்டிகேட்டரும் அப்படியே.

சக்கரங்கள் ஒன்றுக்கொன்று நேராக இருக்கின்றனவா? டேப்பை எடுத்து, நடுச்சக்கரத்துக்கும் பக்கச் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியை முன்விளிம்பில் ஒருமுறை, பின்விளிம்பில் ஒருமுறை அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் டயர் ஒரு பக்கமாக மழுங்கிவிடும், வண்டியும் ஒரு பக்கமாக இழுக்கும்.

அப்புறம் உயரம். சமமான சிமெண்ட் தரையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். நீங்கள் உட்கார்ந்தபடி அதன் வழியாக மெல்ல ஓட்டிப் போய், காய்ந்த தரையில் விழும் ஈரத் தடத்தைப் பாருங்கள். நடுத்தடம் அகலமாக, அழுத்தமாக இருக்க வேண்டும். பக்கத் தடங்கள் இரண்டும் அதைவிட மெலிதாக, ஒரே அளவில் இருக்க வேண்டும். பக்கத் தடம்தான் அழுத்தமாக இருக்கிறதென்றால், எஞ்சின் சுற்றும் சக்கரத்துக்குப் பிடிமானம் போதவில்லை. பக்கச் சக்கரங்களை அங்கேயே கொஞ்சம் ஏற்றி மாட்டச் சொல்லுங்கள். ‘ஓட ஓடச் சரியாயிருமுங்க’ என்பார்கள். ஆகாது.

வாரண்டியையும் கேட்டுவிடுங்கள். சில ஷோரூம்கள் பக்கச் சக்கரம் மாட்டிய வண்டிக்கு எஞ்சின் வாரண்டியையும் மறுக்கின்றன. எது செல்லும், எது செல்லாது என்று எழுத்தில் வாங்குவது நல்லது.

6. இன்சூரன்ஸ்

ஆர்.சி.யில் மாற்றம் ஏறியதும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, பாலிசியிலும் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றாமல் விட்டால் விபத்து நடந்த அன்று ‘வண்டி மாற்றப்பட்டிருக்கிறது’ என்று கையை விரித்துவிடுவார்கள்.

அதோடு, ஆர்.சி.யில் மாற்றுத்திறனாளி வண்டி என்று பதிவாகியிருந்தால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி உண்டு. இந்தத் தள்ளுபடிக்கான விதியின் எண் ஐஎம்டி 12, அதைச் சொல்லிக் கேளுங்கள். ஏஜெண்ட் தானாகச் சொல்ல மாட்டார். மூன்றாம் நபர் பிரீமியத்துக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது. கிட்டின் விலையையும் உபரிப் பொருளாக வண்டி மதிப்பில் சேர்த்துவிட்டால் சக்கரம் வளைந்தாலும் கிளெய்ம் செய்யலாம்.

7. கையைப் பழக்குங்கள்

தாள் வேலை முடிந்தது. இனிதான் வண்டி வேலை.

இரண்டு சக்கர வண்டி வளைவில் சாயும். இது சாயாது, ஹேண்டிலைத் திருப்பித்தான் ஆக வேண்டும். வேகமாகத் திருப்பினால் எடை முழுவதும் வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் போய், உள்பக்கச் சக்கரம் தரையை விட்டுத் தூக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், உடம்பை வளைவின் உள்பக்கம் சாயுங்கள், வளைவுக்குள் பிரேக் பிடிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும் ஏதாவதொரு சந்தைத் திடலில் இதை மட்டும் பழகுங்கள். முன்பு சாதா ஸ்கூட்டர் ஓட்டியவர்களுக்குத்தான் இது கஷ்டம். பழைய பழக்கத்தில் உடம்பு வேறு மாதிரி போகும்.

இரண்டாவது, தார் விளிம்பு. உங்கள் இடது சக்கரம் நீங்கள் நினைப்பதைவிட வெளியே ஓடுகிறது. எதிரே பஸ் வந்தால் ஓரம் கட்டும் வழக்கத்தில் போவீர்கள், இடது சக்கரம் தாரை விட்டு மண்ணில் இறங்கும், ஹேண்டில் வெடுக்கென்று இழுக்கும். இறங்கிவிட்டால் உடனே மேலே ஏற்றப் பார்க்காதீர்கள். வேகத்தை விட்டு, நேராகவே கொஞ்சம் ஓட்டி, விளிம்பு மட்டமாக இருக்கும் இடத்தில் ஏறுங்கள். பக்கச் சக்கர மட்கார்டின் வெளிவிளிம்பில் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டிவிடுங்கள். இரவில் பின்னால் வருபவருக்கு இது வெறும் ஸ்கூட்டராகத்தான் தெரியும்.

மூன்றாவது, பள்ளம். ஒரே கோட்டில் ஓடும் வண்டிதான் பள்ளத்துக்கு விலகிப் போக முடியும். உங்களுக்குத் தடமே மூன்று. எதையாவது இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால் மெதுவாக, பக்கச் சக்கரத்தை இறக்குங்கள், முன்சக்கரத்தை அல்ல.

8. அடிக்கடி வரும் தொல்லைகள்

*சக்கரம் வெறுமனே சுற்றுவது.* டிராக்டர் ஓடிய தோட்டத்து வழியிலும், சாக்கடைப் பலகை தாண்டும் இடத்திலும் இது நடக்கும். பக்கச் சக்கரங்கள் இரண்டும் மேட்டில், நடுச்சக்கரம் அந்தரத்தில். எஞ்சின் கத்தும், வண்டி நகராது. ஆக்சிலேட்டரை முறுக்குவதால் பயனில்லை. சீட்டில் பின்னால் தள்ளி உட்காருங்கள், பக்கத்தில் ஆள் இருந்தால் பின்பக்கத்தை அமுக்கச் சொல்லுங்கள். அடுத்தமுறை அந்த இடத்தை நேராகத் தாண்டாமல் கொஞ்சம் சாய்வாக ஏறுங்கள். அடிக்கடி நடந்தால் பக்கச் சக்கர உயரம் தப்பு, தண்ணீர்ச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

*ஹேண்டில் நடுக்கம்.* முன்பக்கக் கோன் செட்டுக்கு (ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்) இந்த வண்டியில் வேலை அதிகம். ஹேண்டிலைத் திருப்பும்போது நடுவில் ஒரு தடங்கல் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். முதலில் டயர் காற்றைப் பாருங்கள், இரண்டு பக்கச் சக்கரத்திலும் காற்று சமமாக இல்லாவிட்டாலும் இப்படித்தான் ஆடும்.

*பெல்ட்.* எடை கூடியதால் பெல்ட்டும் கிளட்சும் சீக்கிரம் தேயும். கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டருக்கு முன்பே திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மலைக்கு அடிக்கடி போகிறவர்கள் பெல்ட்டை ஓட்டும் வேரியேட்டரில் எடை குறைந்த ரோலர் போட்டுக்கொள்ளலாம். மேல்வேகம் கொஞ்சம் குறையும், ஏற்றத்தில் இழுவை நன்றாக இருக்கும்.

*நிறுத்துவது.* இந்த வண்டி ஸ்டாண்டு இல்லாமலே நிற்கும், சரிவில் ஸ்டாண்டு இல்லாமலே உருளவும் செய்யும். பிரேக் லாக் இல்லாத மாடலென்றால் லீவரை இழுத்து மாட்ட ஒரு ரப்பர் பட்டையாவது வைத்திருங்கள்.

*நட்டு, போல்ட்டு.* முதல் மாதம் ஓடியதும் கிட்டின் எல்லா போல்ட்டுகளையும் முறுக்கிப் பாருங்கள். வெல்டிங் மூட்டில் மயிரிழை விரிசல் தெரிந்தால் அன்றே வண்டியை நிறுத்துங்கள்.

பஞ்சருக்கு ஒரு வார்த்தை: பக்கச் சக்கரம் பல கிட்டுகளில் டியூப் டயர்தான். மட்கார்டைக் கழற்றாமல் சக்கரத்தைக் கழற்ற முடியுமா என்று வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். அளவான ஸ்பேனர், ஒரு டியூப், பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் மூன்றும் சீட்டுக்கு அடியில் இருக்கட்டும்.

9. வெளியூர்

முதல் பயணத்துக்குக் காங்கேயம், தாராபுரம் பக்கம் போங்கள். மேடு பள்ளம் குறைவு, வளைவும் குறைவு. தேசிய நெடுஞ்சாலை டோல்கேட்டில் உங்களுக்குக் கட்டணம் இல்லை.

ஆனால் காற்று. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் வரை ஆளைத் தூக்கும். அங்கே காற்றாலைகளை நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. சாயாத வண்டியைக் காற்று அப்படியே பக்கவாட்டில் தள்ளும். தென்னந்தோப்பின் மறைவு முடியும் இடமும், லாரி கடந்து போகும் நொடியும் மோசம். ஆடி மாதத்தில் காலை வேளையிலேயே ஓட்டி முடித்துவிடுங்கள், மதியத்துக்கு மேல் காற்று வலுக்கும்.

மலைக்கு வால்பாறையையே சொல்வேன். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் என்றாலும் சாலை நன்றாக இருக்கும், நின்று ஓய்வெடுக்க இடமும் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியைவிடக் கோத்தகிரி வழி நெரிசல் குறைவு. பண்ணாரியிலிருந்து திம்பம் 27 வளைவுகள். லாரிகள் வளைவை முழுதாக அடைத்துக்கொண்டு திரும்பும், இரவுப் போக்குவரத்துக்குத் தடையும் உண்டு. கொல்லிமலையின் 70 வளைவுகளை இந்த வண்டியில் வேண்டாமென்றே சொல்வேன், வளைவுக்கும் வளைவுக்கும் இடையே கை ஆற நேரமில்லை. நீலகிரிக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கேட்கிறார்கள். கிளம்பும் முன் போனிலேயே எடுத்துவிடுங்கள்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஆபத்து. ஸ்கூட்டரில் எஞ்சின் பிடித்து நிறுத்துவது குறைவு, பெரும்பாலான கிட்டுகளில் பக்கச் சக்கரத்துக்குப் பிரேக்கே கிடையாது. முழு எடையையும் பழைய பிரேக்தான் தாங்குகிறது. விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறி, லீவர் கைக்கு வரும், வண்டி நிற்காது. விட்டு விட்டுப் பிடியுங்கள். ஒவ்வொரு பத்து வளைவுக்கும் ஓரம் கட்டி ஆற விடுங்கள். கருகல் வாடை வந்தால் எண்ணிக்கை பார்க்காமல் உடனே நிறுத்துங்கள், சூட்டில் தண்ணீர் மட்டும் ஊற்றிவிட வேண்டாம். மலைக்குக் கிளம்பும் வாரத்தில் பிரேக் ஷூவைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். புதுசு போட்டால் சில நூறு ரூபாய்தான் ஆகும்.